அரணாக்கயிறு

ஏழு மாசமாய்
இடுப்பில் ஒரு ரகசியம் கட்டிக்கொண்டு திரிந்தேன்.
கயிற்றுக்கு அடியில் முதலில் எட்டணா அளவு.
சித்திரை முடிவதற்குள் பழைய வளையல் அளவு.

ஆத்தூர் ரோட்டு ஜவ்வரிசி மில்லில்
மாவுப்பால் தொட்டி கழுவுகிறவன் நான்.
காலையில் நனைந்த டிரவுசர்
மத்தியானம் உடம்பிலேயே காயும்,
மூன்று மணிக்கு மறுபடி நனையும்.
கிழங்குக்குத் தோலுரிக்க மெஷின் உண்டு அங்கே.
எனக்கு நகம்தான்.

படர்தாமரை, என்றார் மெடிக்கல்காரர்
கவுண்டரைத் தாண்டி எட்டிக்கூடப் பார்க்காமல்.
குளத்தில் இருக்க வேண்டியதை
இடுப்பில் கொண்டுவந்து வைத்தவன் எவனோ.
தேமல், அக்கி, வேர்க்குரு, மரு என்று
சொறியச் சொறிய சுகம் தருவதற்கெல்லாம்
பிள்ளைக்கு வைப்பதுபோல் பெயர் வைத்திருக்கிறோம்.
டியூப் முப்பத்தைந்து ரூபாய்.
பூசின ராத்திரி அடங்கும்.
விட்ட மூன்றாம் நாள்
வாடகை தராமல் காலி செய்தவன்போல்
தொடையில் போய்க் குடியேறியிருக்கும்.

அஸ்தம்பட்டியில் மாடி ஏறினோம்.
டோக்கன் நாற்பத்தொன்று.
துப்பட்டாவால் கன்னம் மூடிய ஒரு பெண்,
தலையில் சிரங்கோடு தூங்கும் குழந்தை,
யாரும் யாரையும் பார்ப்பதில்லை அந்த ஹாலில்.
எல்லாரும் ஜன்னலைத்தான் பார்த்தார்கள்.
வெளியே சேர்வராயன் மலை முதுகில்
வெள்ளையாய் ஒரு மேகம், திட்டுத் திட்டாக.
அதையும் உள்ளே கூப்பிடலாம்.

டாக்டர் சபீனா
விளிம்பில் பிளேடை வைத்துச் சுரண்டினார்,
கண்ணாடிச் சில்லில் உதிர்ந்தது உமிபோல்.
"நடுவுல ஆறின மாதிரி தெரியும்.
ஓரத்துலதான் உயிரோட இருக்கு."
டியூபைக் காட்டினேன்.
"இது நெருப்பை அணைக்கலை,
மேல சாம்பல் தூவி வச்சிருக்கு."
குப்பைக்கூடையில் அது விழுந்த சத்தம்
முப்பத்தைந்து ரூபாயைவிடக் குறைவாகக் கேட்டது.

"வீட்ல வேற யாருக்காவது?"
இல்லீங்க, என்றேன் சட்டென்று.
கமலவேணி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு செருப்பிடம் சொல்வதுபோல்,
"எனக்கும் இருக்குங்க."

பாவாடை நாடா இறுகும் இடத்தில்.
தையிலிருந்தாம்.
திரைக்குப் பின்னால் அவள் சொல்வது கேட்டது:
"அவருக்குத் தெரிஞ்சா அருவருப்பாயிருவாருன்னு."

சுவரைப் பார்த்துப் படுக்கிறாளே,
சம்பளம் பத்தாத கோபம் என்று
நான் மறுசுவரைப் பார்த்துப் படுத்த நாட்களை
எண்ணிக்கொண்டிருந்தேன்.

ரெண்டு பேருக்கும் மாத்திரை, சாப்பாட்டுக்குப் பின்.
களிம்பு, வட்டத்துக்கு ரெண்டு விரல் வெளியேயும்.
மறைந்தாலும் அவர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது.
துண்டு தனித்தனி, சுடுதண்ணீர், நல்ல வெயில்.
மில்லுக்கு மாற்று டிரவுசர் ஒன்று.
"அப்புறம் அந்தக் கயிற்றைக் கழட்டிடுங்க."

அது பொணத்துக்குத்தானுங்க அறுப்பாங்க.

டாக்டர் சிரிக்கவில்லை.
"கயிறு காயறதே இல்ல, பாருங்க,"
என்று தொட்டுக் காட்டினார், கையுறையில் ஈரம் ஒட்டியது.

ராத்திரி அவள் ரவிக்கை தைக்கும் கத்தரியை எடுத்தாள்.
கண்ணை மூடிக்கொண்டது நான்தான்.
கருப்புக் கயிறு தரையில் கிடந்தது,
அரைஞாண் வெட்டியும் மூச்சு வந்துகொண்டிருந்தது.
பின்னிடுப்பு எனக்கு எட்டாது.
அவளே பூசினாள், ஓரத்திலிருந்து உள்ளே.
அவள் முதுகுப்பக்கம் நான்.
பூசி முடித்து ரெண்டு பேரும்
ஒரே சோப்பில் வரிசையாகக் கை கழுவினோம்,
ஆஸ்பத்திரி ஆட்கள்போல்.

இன்று ஐந்தாவது வாரம்.
அரிப்பு இல்லை. கறுப்பு இருக்கிறது.
அது போக நாளாகுமாம், போகாமலும் இருக்குமாம்.
கொடியில் கட்டம் போட்ட துண்டு என்னது,
நீலக்கரை அவளது.
நடுவில் ஒரு முழம் வெயில்.

லுங்கி கட்டும்போது மட்டும்
விரல் இன்னும் கயிற்றைத் தேடுகிறது,
காணாமல்
வெறும் தோலைத் தொட்டுவிட்டு
கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறது.